கூட்டமைப்பு விரிகிறது, முகாம் கலையவில்லை

2025 நவம்பர் 20ஆம் தேதி கொழும்புப் பாதுகாப்பு மாநாட்டின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர்கள் தில்லியில் கூடினார்கள். சீஷெல்ஸ் அன்று முழு உறுப்பினராகச் சேர்ந்தது. 2011இல் இந்தியா, இலங்கை, மாலத்தீவு என்ற மூன்று நாடுகளோடு தொடங்கிய ஏற்பாடு இது. இடையில் சில ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, 2020இல் மீண்டும் உயிர் பெற்றது. 2022இல் மொரிஷியஸ் வந்தது. 2024இல் வங்கதேசம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று கொழும்பில் சாசனமும் கையெழுத்தானது. இப்போது ஆறு நாடுகள்.

இந்த மாதிரிச் செய்திகளை நம்மில் பலர் படிப்பதே இல்லை. "இது பெரிய இடத்து விஷயம், நமக்கென்ன" என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்குச் சென்னையைவிடக் கொழும்பு பக்கம். இந்த மாநாடு யாருடைய கடலைப் பாதுகாக்கப் பேசுகிறதோ, அந்தக் கடலில்தான் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவர்கள் ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறார்கள். யாருடைய போர் முடிந்த பிறகு இந்த மாநாடு பிறந்ததோ, அந்தப் போரில் தப்பி வந்தவர்கள் பழவிளையிலும் பெருமாள்புரத்திலும் கோழிவிளையிலும் ஞாறான்விளையிலும் முகாம்களில் இருக்கிறார்கள். அந்த முகாம்களுக்குப் போய்வருகிறவன் என்ற முறையில், இந்தச் செய்தியைக் கீழேயிருந்து படித்தால் எப்படி இருக்கும் என்று எழுதிப் பார்க்கிறேன்.

மாநாட்டின் வேலைகளை ஐந்து தூண்களாகப் பிரித்திருக்கிறார்கள்: கடல்சார் பாதுகாப்பு, பயங்கரவாத எதிர்ப்பு, ஆள்கடத்தல் மற்றும் எல்லை கடந்த குற்றத் தடுப்பு, இணையப் பாதுகாப்பு, மனிதாபிமான உதவி மற்றும் பேரிடர் நிவாரணம். ஐந்து தூண்களின் பெயரிலும் அகதி இல்லை. நாடற்றவர் இல்லை. போருக்குப் பிந்தைய நீதி இல்லை. பக்கத்து வீட்டில் 26 ஆண்டுகள் போர் நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு கட்டிய பாதுகாப்பு வீட்டில் அந்தப் போரின் மனிதர்களுக்கு ஒரு திண்ணைகூட இல்லை.

இது தற்செயலாக விடுபட்டதல்ல. இந்தப் பகுதியின் எல்லாக் கூட்டமைப்புகளும் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

ஊர்க் கூட்டமும் சார்க் சாசனமும்

சார்க் 1985 டிசம்பர் 8 அன்று டாக்காவில் பிறந்தது. ஏழு நாடுகள். அதன் சாசனத்தின் பத்தாவது பிரிவு இரண்டே விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, முடிவுகள் ஒருமனதாகவே எடுக்கப்படும். இரண்டு, இருதரப்பு விவகாரங்களும் சர்ச்சைக்குரிய விவகாரங்களும் விவாதத்திலிருந்து விலக்கப்படும்.

கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பிரிவை விளக்க வேண்டியதில்லை. ஊர்க் கூட்டம் நடக்கும்போது கொடை விழா வரிப்பணம் பேசலாம், குளம் தூர்வாருவது பேசலாம், ரோடு பேசலாம். சேரிக்காரன் சுடுகாட்டுப் பாதையைப் பற்றி எழுந்து பேசினால், "நல்ல காரியம் பேசும்போது ஏன் பிரச்னையைக் கிளப்புகிறாய்" என்பார்கள். ஒற்றுமை காப்பாற்றப்பட வேண்டும். ஒற்றுமை என்றால் மேலே இருப்பவர்கள் தமக்குள் சண்டை போடாமல் இருப்பது. சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926இல் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது. அதுவும் பொதுத் தெரு என்றே அழைக்கப்பட்டது. பொது என்ற சொல்லுக்குள் யார் வருவார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துவைத்திருந்தார்கள்.

சார்க் பிறந்த ஆண்டைக் கவனியுங்கள். அதே 1985இன் நடுவில்தான் பூட்டான் தலைநகர் திம்புவில் இலங்கை அரசும் தமிழ் அமைப்புகளும் இந்தியாவின் ஏற்பாட்டில் பேச்சு நடத்தின. தமிழர் தரப்பு வைத்த நான்கு கோரிக்கைகளில் கடைசியானது, அந்தத் தீவைத் தாயகமாகக் கருதும் எல்லாத் தமிழருக்கும் முழுக் குடியுரிமை வேண்டும் என்பது. அது முதன்மையாக மலையகத் தமிழர்களின் கோரிக்கை. பேச்சு முறிந்தது. நான்கு மாதம் கழித்து அதே அரசுகள் டாக்காவில் கைகோத்து நின்றபோது, சர்ச்சைக்குரியதைப் பேசுவதில்லை என்று சாசனமே எழுதிக்கொண்டன.

பேசாமல் இருந்தார்களா? இல்லை. பக்கத்து அறையில் பேசினார்கள். 1986 நவம்பரில் பெங்களூரில் இரண்டாவது சார்க் உச்சி மாநாடு. அதற்குச் சில நாட்கள் முன்பு தமிழ்நாட்டுப் போலீஸ் போராளி இயக்கங்களின் ஆயுதங்களைப் பறித்தது. மாநாட்டை ஒட்டிப் பிரபாகரனை விமானத்தில் பெங்களூருக்கு அழைத்து வந்தார்கள். ஜெயவர்த்தனா அங்கே இருந்தார், எம்.ஜி.ஆரும் வரவழைக்கப்பட்டார். மேசையில் விலக்கப்பட்ட விஷயம் தாழ்வாரத்தில் பேரம் ஆனது. தாழ்வாரத்தில் பேசுவதற்குக் குறிப்பேடு கிடையாது. யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு ஜூலை 29 அன்று இந்திய-இலங்கை ஒப்பந்தம். இந்திய அமைதிப்படை போனது. அக்டோபரில் புலிகளோடு போர் மூண்டது. அந்த மாதம் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் ஊழியர்களுமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சரியாக இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 4ஆம் தேதி, காத்மாண்டு உச்சி மாநாட்டில் சார்க் நாடுகள் பயங்கரவாத ஒடுக்கல் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பயங்கரவாதம் பொதுப் பிரச்னை ஆயிற்று. மருத்துவமனைப் படுகொலை சர்ச்சைக்குரிய இருதரப்புப் பிரச்னையாகவே இருந்துவிட்டது. 1990 மார்ச்சில் அமைதிப்படை திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும் உயிரோடு இல்லை. அவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான்.

எட்டாவது நாற்காலி

சார்க் விரிந்தது ஒரே ஒரு முறை. 2005இல் டாக்காவில் முடிவு செய்து, 2007 ஏப்ரலில் தில்லியில் நடந்த 14ஆவது உச்சி மாநாட்டில் ஆப்கானிஸ்தானை எட்டாவது உறுப்பினராகச் சேர்த்தார்கள். வெளிநாட்டுப் படைகள் நின்று போர் நடத்திக்கொண்டிருந்த நாடு அது. போரில் இருக்கும் நாட்டைச் சேர்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சேர்த்ததோடு கூட்டமைப்பு என்ன பொறுப்பை ஏற்றுக்கொண்டது என்றுதான் கேட்கிறேன். ஆப்கான் அகதிகளைப் பற்றி ஒரு பொது ஏற்பாடு வந்ததா? வரவில்லை. 2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலைப் பிடித்ததும், அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்ற தகராறில் செப்டம்பரில் நியூயார்க்கில் நடக்கவிருந்த சார்க் வெளியுறவு அமைச்சர்கள் கூட்டமே ரத்தானது. நாற்காலியைப் பற்றிச் சண்டை போட அவர்களால் முடிந்தது. நாற்காலிக்குச் சொந்தமான மக்களைப் பற்றிப் பேச முடியவில்லை.

இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படாதது. 1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நேபாளம், பூட்டான், மாலத்தீவு எதுவுமே இல்லை. சார்க் நாடுகளில் கையெழுத்திட்டது ஆப்கானிஸ்தான் மட்டும், 2005இல். இப்போது கொழும்பு மாநாட்டுக்கு வாருங்கள். ஆறு உறுப்பினர்களில் அந்த உடன்படிக்கையில் இருப்பது கடைசியாக வந்த சீஷெல்ஸ் மட்டும். இரண்டு முறையும் புதிதாக வந்தவர்தான் அகதிச் சட்டத்தைக் கையில் வைத்திருந்தார். இரண்டு முறையும் பழைய உறுப்பினர்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை.

2008 ஆகஸ்ட் 2, 3 தேதிகளில் 15ஆவது உச்சி மாநாடு கொழும்பில் நடந்தது. வன்னியில் இறுதிப் போர் இறுகிக்கொண்டிருந்த நேரம். மாநாட்டை ஒட்டிப் புலிகள் ஒருதலைப்பட்சமாகப் போர்நிறுத்தம் அறிவித்தார்கள், இலங்கை அரசு நிராகரித்தது. இந்தியப் பிரதமரின் பாதுகாப்புக்காக இந்தியப் போர்க்கப்பல்கள் கொழும்புக்கு வெளியே நின்றன. எட்டு நாட்டுத் தலைவர்கள் கூடிய அந்த மாநாட்டில் குற்ற விவகாரங்களில் பரஸ்பர சட்ட உதவிக்கான உடன்படிக்கை கையெழுத்தானது. சில நூறு கிலோமீட்டர் வடக்கே மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளிநொச்சிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் அது முடிந்தது. கடைசி மாதங்களில் நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு பிறகு சொன்னது.

அந்த மே மாதம் 27ஆம் தேதி ஜெனீவாவில் மனித உரிமைக் கவுன்சிலின் சிறப்பு அமர்வு. இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் 29 வாக்குகளோடு நிறைவேறியது. இந்தியா ஆதரித்தது, பாகிஸ்தான் ஆதரித்தது, வங்கதேசமும் ஆதரித்தது. சார்க் மேசையில் எதிலும் ஒத்துப்போகாத நாடுகள் இதில் ஒத்துப்போயின. 2012, 2013இல் இந்தியா இலங்கைக்கு எதிரான தீர்மானங்களை ஆதரித்தது உண்மை. 2014இலும் 2021இலும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டதும் உண்மை.

படகில் வந்தவர்கள் யார்

"இது தமிழர் பிரச்னை. தலித் இயக்கக்காரன் ஏன் இதை எழுதுகிறாய்?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

போர் எல்லோரையும் விரட்டியது. ஆனால் எல்லோரையும் ஒரே இடத்துக்கு விரட்டவில்லை. ஏஜென்டுக்குக் கட்டப் பணமும், விற்க நிலமும், வெளிநாட்டில் ஒரு சொந்தக்காரரும் இருந்தவர்கள் பெரும்பாலும் டொராண்டோ, லண்டன், பாரிஸ் போனார்கள். மன்னார்க் கரையில் படகுக்குக் கொடுக்க மட்டும் பணம் இருந்தவர்கள் பெரும்பாலும் ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்கு வந்தார்கள். அதுவும் இல்லாதவர்கள் அங்கேயே செத்தார்கள், அல்லது தறப்பாள் கொட்டகையில் கிடந்தார்கள். யாழ்ப்பாணத்தில் உயர் பாதுகாப்பு வலயத்துக்காக விரட்டப்பட்டு நலன்புரி முகாம்களில் தங்கியவர்களில், காணி வாங்கி வெளியேற முடியாமல் கடைசிவரை இருந்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்று அங்குள்ள ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். மாவிட்டபுரம் கோயில் நுழைவுப் போராட்டம் 1968இல் நடந்த மண் அது. கே. டானியல் 'பஞ்சமர்' எழுதிய மண் அது. போர் வந்ததும் சாதி மறைந்துவிட்டது என்று சொல்வது நமக்குப் பழகிய பொய்.

தமிழ்நாட்டு முகாம்களில் இருப்போரில் கணிசமானோர் மலையக வம்சாவளியினர். வெள்ளைக்காரன் காலத்தில் திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன பறையர், பள்ளர், சக்கிலியர் குடும்பங்கள் அவர்களில் ஏராளம். இங்கே பண்ணையாரின் அடிமைத்தனத்திலிருந்து தப்பிப் போய் அங்கே லயத்தில் அடைபட்டவர்கள். 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றதும் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது.

பிறகு 1964 அக்டோபர் 30. லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கு. இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பத்து லட்சம் பேரிடம் யாரும் கேட்கவில்லை. ஆட்டு மந்தையைப் பங்கு பிரிக்கும்போதுகூடச் சண்டை வரும், இதில் அதுவும் வரவில்லை. இரண்டு அண்டை நாடுகளின் நல்லுறவுக்கு அவர்கள் சில்லறையாகப் பயன்பட்டார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களிலும், நம் மாவட்டத்தில் அரசு ரப்பர் கழகத்திலும் வேலை கொடுத்தார்கள். கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு பக்கம் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களில் அந்தக் குடும்பங்களின் வாரிசுகளும் இருக்கிறார்கள். தேயிலை லயத்திலிருந்து ரப்பர் லயம். நாடு மாறியது, முதலாளி மாறினார், வேலையின் தன்மை மாறவில்லை. ஆனாலும் அவர்கள் இந்தியக் குடிமக்கள். ஓட்டு இருக்கிறது, சங்கம் இருக்கிறது, கூலிக்காகப் போராட முடிகிறது.

1984இல் போர் காரணமாகத் தலைமன்னார்-ராமேஸ்வரம் கப்பல் நின்றது. ஒப்பந்தப்படி இந்தியா வர வேண்டிய பலர் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். இன்னும் பலர் 1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறியிருந்தார்கள். அவர்களைக் குடியமர்த்திய காந்தியம் இயக்கத்தின் டாக்டர் ராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். வன்னி எரிந்தபோது இந்தக் குடும்பங்கள் மறுபடி ஓடின. இம்முறை ஒப்பந்தத்தின்படி அல்ல, படகில். ஒரே குடும்பத்தின் அண்ணன் 1970களில் கப்பலில் வந்து தாயகம் திரும்பியோர் ஆனார், தம்பி 1990இல் படகில் வந்து அகதி ஆனார். அண்ணனின் பேரனுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்க வழி உண்டு. அதற்கு அவன் அலைய வேண்டியிருக்கும், ஆனால் வழி உண்டு. தம்பியின் பேத்தி தமிழ்நாட்டிலேயே பிறந்து, தமிழ்நாட்டிலேயே படித்து, பட்டியல் சாதியாகவும் இல்லை, குடிமகளாகவும் இல்லை.

முகாமில் ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: "தோட்டத்தில இருக்கப்ப எங்களை இந்தியாக்காரங்கன்னாங்க தம்பி. வன்னிக்குப் போனா தோட்டக்காட்டான்னாங்க. இங்க வந்தா சிலோன்காரங்க." அவர் இதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. ரேஷன் கடை வரிசையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

எண்களும் தேதிகளும் செய்யும் தீண்டாமை

1983 முதல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். பலர் திரும்பினார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருக்கிறார்கள். 1991 மே 21இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு முகாம் என்பது கண்காணிப்பு இடமானது. கியூ பிரிவு, செக்கிங் நாள், வெளியூர் போக அனுமதி, மாதாந்திரப் பணக்கொடை என்று ஒரு தலைமுறை அதற்குள்ளேயே வளர்ந்துவிட்டது.

சட்டம் தேதிகளால் வேலை செய்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அன்றைக்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். முகாமில் பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தத் தேதிக்கு இந்தப் பக்கம் பிறந்தவர்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு மதத்தவருக்கு வழி திறந்தது. முஸ்லிம்களுக்கு இல்லை. இலங்கைக்கு இல்லை. மியான்மருக்கு இல்லை. அதாவது சார்க்கில் கடைசியாகச் சேர்ந்த ஆப்கானிஸ்தான் உண்டு, முதல் நாளே சேர்ந்த இலங்கை கிடையாது.

2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளி அகதிகளின் குடியுரிமை விண்ணப்பங்களை மத்திய அரசு பரிவோடு பரிசீலிக்க வேண்டும் என்ற திசையில் தீர்ப்பளித்தது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, வீடுகளுக்கும் மற்ற வசதிகளுக்கும் 317 கோடி ரூபாய் அறிவித்தது. வரவேற்க வேண்டியதுதான். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு இலங்கைத் தமிழரின் வழக்கில், இந்தியா எல்லோருக்குமான தர்மசாலை அல்ல என்ற பொருளில் கருத்துச் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. தண்டனை இல்லை, சரி. உரிமை? நீ குற்றவாளி இல்லை என்று சொல்வதற்கும் நீ குடிமகன் என்று சொல்வதற்கும் இடையில் நாற்பது வருஷம் ஓடியிருக்கிறது.

தேதியை வைத்தும் பட்டியலை வைத்தும் விலக்குவது நமக்குப் புதிதல்ல. 1950 ஜனாதிபதி ஆணை ஒரு மதக் கோடு போட்டது. நம் மாவட்டத்துத் தலித் கிறிஸ்தவர்கள் இன்றுவரை அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். கையால் தள்ளாமல் காகிதத்தால் தள்ளும் தீண்டாமை இது.

அம்பேத்கர் இதைப் பேசியிருக்கிறார்

வெளியுறவுக் கொள்கை நம் வேலை இல்லை என்று நினைப்பவர்கள் 1951 அக்டோபரில் அண்ணல் அம்பேத்கர் அமைச்சர் பதவியிலிருந்து விலகியபோது வெளியிட்ட அறிக்கையைப் படிக்க வேண்டும். விலகலுக்கான காரணங்களில் ஒன்றாக வெளியுறவுக் கொள்கையையும் சொன்னார். ஆண்டு வருவாய் 350 கோடியில் ஏறத்தாழ 180 கோடி ராணுவத்துக்குப் போகிறது என்று கணக்குக் காட்டினார். அண்டை நாடுகளோடு உறவு கெட்டால் அதன் செலவு எந்தக் குடிசையின் பங்கிலிருந்து எடுக்கப்படும் என்று அவருக்குத் தெரியும். 1954 ஆகஸ்டில் மாநிலங்களவையில் சீட்டோ கூட்டணியைப் பற்றியும் பேசினார். அதை உடனே நிராகரிக்கக் கூடாது என்பது அவர் கருத்து. அவர் கூட்டமைப்புகளுக்கு எதிரி அல்ல. நாமும் அல்ல.

அதைவிட முக்கியமான ஒன்று. பிரிவினையின்போது பாகிஸ்தானில் சிக்கிய பட்டியல் சாதி மக்களைத் துப்புரவுப் பணி அத்தியாவசியச் சேவை என்று சொல்லி வெளியேற விடாமல் தடுத்தார்கள். 1947 டிசம்பரில் அம்பேத்கர் இதைப் பற்றி நேருவுக்கு எழுதினார். எல்லை போடும்போது மேல் சாதிக்காரன் சொத்தை இழக்கிறான். தலித் போகும் உரிமையையே இழக்கிறான். ஒரு அரசு அவனைப் போக விடுவதில்லை, இன்னொரு அரசு உள்ளே விடுவதில்லை. 1964 ஒப்பந்தமும் இன்றைய முகாமும் அந்தக் கதையின் அடுத்த பாகங்கள்.

மறுப்புகளுக்கு

"பாதுகாப்பு என்பது பொய்யா?" இல்லை. 2008இல் மும்பைக்குக் கடல் வழியாக வந்தார்கள். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் இருநூற்று ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், கொச்சிக்கடை தேவாலயத்தில் ஜெபித்துக்கொண்டிருந்த ஏழைத் தமிழ்க் கத்தோலிக்கரும் அதில் உண்டு. புலிகள் பிள்ளைகளைப் படையில் சேர்த்ததையும் 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விரட்டியதையும் மூடி மறைத்து எழுத நான் வரவில்லை. அரசுகள் தகவல் பரிமாறிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் ஒக்கி புயல் 2017 நவம்பர் 30 அன்று அடித்தபோது ஆழ்கடலில் இருந்த நம் மீனவர்களைத் தேட இந்தப் பிராந்தியப் பாதுகாப்பு எங்கே இருந்தது? சீஷெல்ஸ் கடலிலும் டீகோ கார்சியா பக்கமும் எல்லை தாண்டினார்கள் என்று பிடிபடும் குமரி மாவட்டத்து மீனவருக்கு இந்த ஆறாவது நாற்காலியால் என்ன மாறும்? ரேடாரும் ரோந்துக் கப்பலும் ஒரு படகை எதிரியாகப் பார்ப்பதற்கு முன் மனிதர்களாகப் பார்க்கும் விதிமுறை எங்கே? பாதுகாப்பை இந்தக் கேள்விகளால்தான் அளக்க வேண்டும்.

"குடியுரிமை கொடுத்தால் ஈழத்தில் தமிழர் எண்ணிக்கை குறையும், நிலம் பறிபோகும்" என்று தமிழ்த் தேசிய நண்பர்கள் சொல்கிறார்கள். இந்தக் கவலை புரிகிறது. ஆனால் ஒரு இனத்தின் எண்ணிக்கையைக் காப்பாற்ற முகாமில் இருக்கும் ஏழை நாடற்றவராகவே இருக்க வேண்டுமா? கனடாவில் பாஸ்போர்ட் வாங்கியவரிடம் யாரும் இதைக் கேட்கவில்லையே. திரும்ப விரும்புகிறவருக்குக் காணியும் பாதுகாப்பும், இருக்க விரும்புகிறவருக்குக் குடியுரிமை. முடிவு அவர்களுடையது. 1964இல் கேட்காததை இப்போதாவது கேட்க வேண்டும்.

"வேறு எங்கே இப்படிச் செய்கிறார்கள்?" உக்ரைன் போர் தொடங்கிய சில நாட்களில், 2022 மார்ச் 4 அன்று, ஐரோப்பிய ஒன்றியம் தற்காலிகப் பாதுகாப்பு ஏற்பாட்டை இயக்கியது. தங்க, வேலை செய்ய, படிக்க உரிமை. ஜூன் மாதம் உக்ரைனுக்கு உறுப்பினர் வேட்பாளர் தகுதியும் கொடுத்தது. நாட்டுக்குக் கதவு திறந்தபோது மக்களுக்கும் திறந்தது. அதே ஐரோப்பா சிரியாக்காரரையும் ஆப்பிரிக்கரையும் மத்தியதரைக் கடலில் தடுக்கிறது, எனவே அதற்கு நற்சான்று கொடுக்க நான் தயாரில்லை. ஆனால் அரசுகள் விரும்பினால் ஒரே வாரத்தில் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

நம் பக்கத்தில் நடப்பதைப் பாருங்கள். மியான்மரில் 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, உள்நாட்டுப் போர் ஓடுகிறது. ஆசியான் தன் உச்சி மாநாடுகளுக்கு ராணுவத் தலைவரை அழைப்பதை நிறுத்தியது. வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக் அப்படிச் செய்யவில்லை. 2025 ஏப்ரலில் பாங்காக் உச்சி மாநாட்டில் மின் ஆங் லைங் உட்கார்ந்திருந்தார், நம் பிரதமரும் அவரைச் சந்தித்தார். மியான்மர் எல்லையில் மக்கள் தடையின்றி வந்துபோகும் ஏற்பாட்டை நிறுத்துவதாகவும் 1,643 கிலோமீட்டருக்கு வேலி போடுவதாகவும் தில்லி 2024இல் அறிவித்தது. தளபதிக்கு நாற்காலி, தப்பி வரும் சின் இனத்தவருக்கு வேலி. தில்லி தடுக்கச் சொன்ன பிறகும் மிசோரம் மக்களும் தேவாலயங்களும் அவர்களுக்குச் சோறு போட்டது நமக்கு வெளிச்சம். நாளை அவர்களுக்கும் இங்கே நடந்ததுபோல நாற்பது வருஷ முகாம் வரக் கூடாது.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று: குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையையும் மியான்மரையும் சேர்த்து, மதக் கோட்டை நீக்க வேண்டும். அது நடக்கும்வரை காத்திருக்காமல், 1964, 1974 ஒப்பந்தங்களின் கீழ் வந்திருக்க வேண்டிய மலையக வம்சாவளிக் குடும்பங்களுக்கு உடனடியாகக் குடியுரிமை வழங்க வேண்டும். இது சலுகை அல்ல. இந்தியா கையெழுத்துப் போட்டு வாங்கிய கடன்.

இரண்டு: முகாம் மக்களிடையே சாதிவாரிக் கணக்கெடுப்பு நடத்தி, ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கல்வியிலாவது பட்டியல் சாதிக்கு இணையான உதவியைத் தமிழ்நாடு அரசு தன் அதிகாரத்துக்குள் வழங்க வேண்டும். முகாமில் சாதி இல்லை என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது.

மூன்று: இந்தியா அகதிகளுக்கென ஒரு தேசியச் சட்டம் இயற்ற வேண்டும். கொழும்புப் பாதுகாப்பு மாநாட்டின் ஐந்தாவது தூண் மனிதாபிமான உதவி. அந்தத் தூணிலேயே அகதிகள், நாடற்றவர்கள், கடலில் பிடிபடும் மீனவர்கள் பற்றிய பொது விதிமுறையைக் கொண்டுவர இந்தியா முன்மொழியலாம். ஏழாவது நாட்டைச் சேர்ப்பதற்கு முன் இதைச் செய்யட்டும்.

நான்கு: இந்தக் கோரிக்கைகளைத் தலித் இயக்கங்கள் தம் மாநாட்டுத் தீர்மானங்களில் எழுத வேண்டும். நாடாளுமன்றத்தில் நம் வாக்கு வாங்கிப் போயிருக்கும் உறுப்பினர்கள் இதைக் கேள்வி நேரத்தில் எழுப்ப வேண்டும். எழுப்பினார்களா என்று நாம் கேட்க வேண்டும்.

வரும் ஏப்ரல் 14 அன்று நம் ஊர்களில் அம்பேத்கர் படத்துக்கு மாலை போடுவோம். இந்த முறை விழா அழைப்பிதழைப் பக்கத்து முகாமிலும் கொண்டுபோய்க் கொடுங்கள் தோழர்களே. மேடையில் பேச அவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். ஓட்டு இல்லாதவர் என்பதால் எந்தக் கட்சியும் அவர்களைக் கூப்பிடாது. நாம் கூப்பிடுவோம்.